நெற்றிக் காசும் நாற்பது அடி பிலிமும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் எனக்குத் தகராறுதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது.

கல்யாணமாகி ஒரு வருடம். செஞ்சியில் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கௌபாய் படம் எடுக்க வந்தார்கள். தொப்பியும் துப்பாக்கியும் போட்ட படங்களுக்கு ஆள் வருவது நின்று பல வருடம் ஆகியிருந்தது. வந்தவர்கள் மொத்தமும் ஒரே வேனில் அடங்கினார்கள். கோட்டைக்குள் அனுமதி வாங்க அவர்களுக்கு வழி இல்லை. சிங்கவரம் போகிற பக்கம் பாறைகளுக்கு நடுவே எடுத்தார்கள். படத்தில் அது ஏதோ வெளிநாடு.

தொப்பிகள் அட்டையில் செய்து ரெக்சின் ஒட்டியவை. வேர்வை பட்டால் விளிம்பு தொங்கிவிடும். குதிரை இரண்டு, பூட்ஸ் நாலே ஜோடி. மண்டியிலிருந்து ஆறு பேரைக் கொள்ளைக்காரர்களாகக் கூட்டிப்போனார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி வசனம் கிடைத்தது. எனக்குக் கேமராவைப் பார்த்தாலே கழுத்து விறைத்துக்கொண்டது. அதனால் டைரக்டர் என்னைச் சாகிற ஆளாக வைத்துக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. செத்தவன் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நாலு நாளில் ஏழு முறை சுடப்பட்டேன். ஒரே ஆள் என்று தெரியாமல் இருக்கக் குப்புற விழ வேண்டும். விழுந்ததும் என் பூட்ஸைக் கழற்றி, உயிரோடு இருப்பவன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசி நாள் மட்டும் சவப்பெட்டியில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. டைரக்டர், "பொணத்த ரெடி பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குதிரைப் பக்கம் போய்விட்டார். ரெடி பண்ணியவர் எங்கள் மண்டி மேஸ்திரி. ஊரில் எந்தச் சாவுக்கும் முன்னால் நின்று செய்கிறவர். அவருக்குத் தெரிந்தபடி என் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். மூக்கில் பஞ்சு வைத்தார். நெற்றியில் சந்தனம் குழைத்து ஒரு ரூபாய்க் காசை ஒட்டினார். கழுத்தில் கௌபாய் கைக்குட்டை, நெற்றியில் காசு. டைரக்டர் தூரத்திலிருந்தே ஸ்டார்ட் சொல்லி, எடுத்து முடித்த பிறகுதான் கிட்டே வந்து பார்த்தார். திரும்ப எடுக்கப் பிலிம் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். பெட்டிக்குள் என்னைப் பார்த்ததும் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா சார் இது?"

"நடிப்பும்மா" என்றார் டைரக்டர்.

"நடிப்புக்கு எதுக்கு நெத்தியில காசு? கால்ல எதுக்குக் கட்டு?"

மேஸ்திரி பாறைக்குப் பின்னால் போய்விட்டார். மேக்கப் போடுகிறவர்தான் சமாதானமாக ஒன்று சொன்னார். மெட்ராஸில் பிணமாக நடித்தவரைக் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள், அதோடு தோஷம் போய்விடும் என்றார்.

"அப்ப அத எடுங்க" என்றாள்.

"நாப்பது அடி பிலிம்தாம்மா பாக்கி. ஹீரோ குதிரையில ஏறிப் போற ஷாட் இன்னும் எடுக்கல."

அவள் நேராகப் போய் குதிரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். "இவரு சிரிச்சத எடுத்தாத்தான் குதிர போவும்" என்றாள்.

கேமராக்காரர் டைரக்டர் காதருகே குனிந்து, "பிலிம கழட்டிட்டு சும்மா ஓட்டுறேன் சார், சத்தம் வந்தா போதும்" என்றார். பெட்டிக்குள் கிடந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. டைரக்டர் தலையாட்டினார். மூக்குப் பஞ்சை எடுத்துவிட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. சுற்றிலும் அத்தனை பேர்.

"கல்யாண போட்டோல கூட இப்டித்தான்" என்றாள் அவள், குதிரை முன்னால் உட்கார்ந்தபடியே. "போட்டோக்காரரு, மாப்ள ஊமையான்னு எங்க நைனாவக் கேட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். குதிரையும் கனைத்தது. நானும் சிரித்துவிட்டேன். கேமரா ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

படம் திண்டிவனத்தில் மூன்று நாள் ஓடியது. அந்த வாரம் எங்களுக்கு மகள் பிறந்தாள், போகவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தபோதும், மூட்டையோடு விழுந்து கால் ஒடிந்தபோதும், என் மனைவி பயப்படவே இல்லை. "ஒனக்கு ஒண்ணும் ஆவாது. சிரிச்சத எடுத்துட்டாங்க" என்பாள். எனக்கு நெஞ்சு உறுத்தும். சொல்லவும் முடியாது. போன மாதம் விழுப்புரத்தில் டாக்டர் எனக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். அப்போதும் அதையேதான் சொன்னாள். இனி மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். நாள் ஓடிக்கொண்டே இருந்தது.

அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் என்னைப் பார்க்க வந்தாள். "நைனா, செஞ்சியில எடுத்த படமாம், போன்ல வந்துக்குது" என்று போட்டாள். மூன்று பேரும் பார்த்தோம். ஏழு முறை செத்தேன். ஒரு தடவை பாறைக்குப் பக்கத்தில் என் வெறுங்கால் தெரிந்தது. பெட்டி வந்தது, காசு வந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். படம் முடிந்ததும் சிரித்தது எங்கே என்று மனைவி கேட்பாள், சொல்லிவிட வேண்டியதுதான் என்று இருந்தேன்.

கதாநாயகன் குதிரையில் ஏறினான். குதிரை நாலடிகூட வைக்கவில்லை, படம் வெட்டிவிட்டது. அடுத்து என் முகம் வந்தது. நெற்றியில் காசோடு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் 'வணக்கம்' என்று விழுந்தது. கேமராக்காரர் பிலிமைக் கழற்றவே இல்லை. ஹீரோவுக்கு வைத்திருந்ததில் முக்கால்வாசியை எனக்குச் செலவழித்திருக்கிறார். படத்தை வெட்டி ஒட்டியவர்களும் நீளம் போதாமல் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

மகள் காபி போடப் போனதும் மனைவியிடம் சொன்னேன். "அன்னிக்குப் பிலிம் இல்லாமதான் ஓட்டுனாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"எப்பத்திலேருந்து?"

"அன்னியிலேருந்து."

"அதான், நான் சொல்றப்பல்லாம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினியா?" என்றாள். பிறகு போனை எடுத்துக் கடைசி இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

நாளைக் காலை விழுப்புரம் போகிறோம்.

ஐப்பசி 14.