ஐஸ் பெட்டியின் விளக்கு

போன வாரம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்த மெக்கானிக், ஐஸ் உறைகிற தகட்டில் ஓர் ஓட்டையைக் காட்டி, கத்தியை விட்டுக் குத்தியது யார் என்று கேட்டார். மருமகள் சற்றும் யோசிக்காமல் வேலைக்கு வருகிற பெண்ணைக் கைகாட்டினாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பாத்திரத்தின்மேல் குனிந்துகொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நாந்தான் குத்தினேன்" என்று கத்தினேன். உண்மையும் அதுதான். ஐஸில் ஒட்டிக்கொண்ட பால் பாக்கெட்டைப் பெயர்க்கிறேன் பேர்வழி என்று முந்தின நாள் வீரம் காட்டியிருந்தேன். அதற்கு இவ்வளவு சத்தம் எதற்கு என்றாள் மருமகள். எதற்கென்று உங்களுக்குச் சொல்கிறேன்.

யுத்த காலம். குமாரபாளையத்தில் ஒரு நூல் வியாபாரி வீட்டில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலை எனக்கு. பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட மிதப்பு வேறு. ஏற்காட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்ற ஐஸ் பெட்டியை முதலாளி லாரியில் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். எங்கள் தெருவுக்கு அப்போது கரண்டு வரவில்லை. அந்தப் பெட்டிக்குக் கரண்டு தேவையும் இல்லை. அடியில் சீமெண்ணெய் விளக்கு எரியும், மேலே தண்ணீர் உறையும். நெருப்பு மூட்டினால் குளிருமா என்று ஊர் ஜனம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது.

முதலாளியம்மா நம்பினார். கொஞ்சம் அதிகமாகவே நம்பினார். பெட்டி வந்த மாதம் நூல் விலை ஏறியதால், வந்தது லட்சுமி என்று முடிவுகட்டி, கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, விளக்கு அணையவே கூடாது என்று உத்தரவு போட்டார். சீமெண்ணெய்க்கு ரேஷன் வந்தபோதும் ஐஸ் பெட்டிக்குக் குறை வைக்கவில்லை. திரி கருகினால் சுடரை ஓர் அகலில் மாற்றிக்கொண்டு, திரியைக் கத்தரித்து, அகலிலிருந்தே மறுபடி ஏற்ற வேண்டும். அதுவும் கண்மூடித் திறப்பதற்குள் நடக்க வேண்டும்.

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துச் சொன்னவன் நான். வாரம் ஒருநாள் விளக்கை அணைத்து, ஐஸ் தானாகக் கரையும்வரை விட வேண்டும். சோடா உப்புத் தண்ணீரால் உள்ளே துடைக்க வேண்டும். இரும்பு படவே கூடாது. அணைப்பது என்ற இடத்திலேயே முதலாளியம்மா காதைப் பொத்திக்கொண்டார். மூன்று மாதத்தில் உள்ளே ஐஸ் புற்று மாதிரி வளர்ந்து, ஒரு சொம்பு மோர் வைக்க இடமில்லாமல் போயிற்று.

பெட்டியைத் துடைப்பது பழனியம்மாளின் வேலை. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் குழந்தைகள், ஆற்றோரம் ஒரு குடிசை. இந்த வீட்டுச் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிந்தது. சாமான்களையெல்லாம் எடுத்த பிறகுதான் பெட்டியில் அவள் கை படலாம். அவள் துடைத்து முடித்ததும் அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அடுக்குவார். அழுக்கெடுக்கிற கைக்குத் தீட்டாம்! அதிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் அவளுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை. அவள்தான் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஏனுங்கம்மா, சுடர அகல்ல மாத்திச் சாமி மாடத்துல வெச்சுட்டா வெளக்கு அணைஞ்சதா ஆகாதுங்களே. பொழுதுக்குள்ள ஐஸு தானா கரைஞ்சிரும். அதுலயே திரும்ப ஏத்திக்கலாமுங்க."

எவ்வளவு சுலபமான வழி! படித்த எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு முகம் சிவந்தது.

"நீ எனக்குச் சாஸ்திரம் சொல்றயா? கொடுவாள எடுத்துக் கொத்து."

பழனியம்மாள் என்னைப் பார்த்தாள். இரும்பு படக்கூடாது என்று படித்தவன் நான்தானே. நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து கொத்துதான். உஸ்ஸென்று சத்தம். உள்ளே இருந்த அம்மோனியா வாயு நவச்சார நெடியாகக் கிளம்பி வீடு முழுக்க ஏறியது. கண் எரிய, இருமிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். நானும்தான், முதல் ஆளாக. பழனியம்மாள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்ப உள்ளே போய், சீமெண்ணெய் நெருப்பை அணைத்துவிட்டு வந்தாள். வாயுவில் தீப்பிடிக்காமல் வீடு பிழைத்தது. அதற்கு அவளுக்குக் கிடைத்த கூலி என்ன தெரியுமா? பெட்டியை உடைத்தாள், லட்சுமி விளக்கை அணைத்தாள் என்று அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விளக்கை அணைத்தவளை அந்தத் தெருவில் வேறு எந்த வீடும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பழுது பார்க்கச் சொல்லி மெட்ராஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதியது நான். வேலைக்காரியின் அஜாக்கிரதையால் என்று மட்டும்தான் முதலாளி சொன்னார். "மூளையில்லாத வேலைக்காரி" என்று இங்கிலீஷில் சேர்த்தது என் கைவரிசை. வாக்கியம் எடுப்பாக இருக்கும் என்று சேர்த்தேன்.

பெட்டி திரும்பி வந்தது. புதன்கிழமைதோறும் சுடர் அகலுக்கு மாறிச் சாமி மாடத்துக்குப் போயிற்று. ஐஸ் தானாகக் கரைந்தது. வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். என்ன மூளை, என்ன மூளை என்று ஊர் மெச்சியது. நானும் தலையாட்டினேன்.

அந்த வீட்டை இடித்து விசைத்தறி போட்டுவிட்டார்கள். சீமெண்ணெயில் ஓடிய ஐஸ் பெட்டி என்றால் என் பேரன் நான் கதை விடுகிறேன் என்கிறான். வருஷங்கள் கழித்து ஆற்றோரம் போய் விசாரித்தேன். குடிசைகள் இருந்த இடத்தில் சாயப்பட்டறை நின்றது. பழனியம்மாள் என்ற பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஐஸ் பெட்டி விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெரியவருக்கு மட்டும் ஞாபகம் வந்தது.

"அட, அந்த வெளக்கணைச்சவளுங்களா? அவ அப்பவே புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்கயோ போயிட்டாளுங்க."