துருக்கி அறையின் கரைத்துணி

ஆடுகோடியில் சோபாவுக்கு உறை தைப்பது அப்பாவின் தொழில். தொண்ணூற்றைந்து வாக்கில் அவருக்கு முதல்முறையாக ஒரு பங்களா வேலை வந்தது. கன்டோன்மென்ட் பக்கத்து வீடு. அந்த வீட்டம்மாவின் கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்திலேயே லண்டன் போய்வந்தவர். அங்கே பெரிய வீடுகளில் துருக்கி பாணி அறைகளைப் பார்த்த மோகத்தில், கப்பலில் துணிமணி வரவழைத்து, ஒரு அறை முழுவதையும் துருக்கி சுல்தான் வீடு மாதிரி ஆக்கிவிட்டாராம். தரையெல்லாம் கம்பளம், உட்காரத் தாழ்ந்த திவான், சுவர் மறையச் சிவப்புப் பட்டுத் திரை. திரையின் கரையில் தங்க இழையில் அரபி எழுத்துகள் ஓடின. மகள் கல்யாணத்துக்குள் அந்தத் திரையை வெட்டி திவான் மெத்தைக்கு உறை தைத்துவிட வேண்டும் என்றார் வீட்டம்மா.

அப்பாவுக்குக் கை ஓடவில்லை. காகிதத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷன். குர்ஆன் வாசகமாக இருந்தால் அதன்மேல் ஆளை உட்கார வைப்பது எப்படி? மாட்டேன் என்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கரையில் ஒரு துண்டைப் பிரித்தெடுத்து, துவைத்த டவலில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் பஸ் ஏறினார். அங்கே உருது போர்டு எழுதும் பாய் ஒருவர் அவருக்குப் பழக்கம். பஸ்ஸில் என் செருப்பு பொட்டலத்தில் பட்டுவிட, ஜனமெல்லாம் பார்க்க மூன்று தடவை கண்ணில் ஒற்றிக்கொள்ள வைத்தார். எனக்கு மானம் போயிற்று.

பாய் பெயிண்ட் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து துணியை வாங்கினார். நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இது எழுத்தே இல்லண்ணே. எவனோ வெள்ளைக்காரன் மில்லுல எழுத்து மாதிரி கோடு இழுத்து வச்சிருக்கான். தாராளமா உக்காரலாம்."

சொல்லிவிட்டு, டீ வரும்வரை அந்தத் துணியை மடித்துக் கடையிலேயே உயரமான அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறை தைத்தபோது அப்பா கரையை மட்டும் தனியாக வெட்டி, முதுகு சாயும் திண்டுகளின் மேல்விளிம்பில் பொருத்தினார். இரண்டு நாள் கூடுதல் வேலை. வீட்டம்மாவுக்கு ஏக சந்தோஷம். பாய்தான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாரே, அப்புறம் ஏன் இந்தப் பாடு என்று அப்பாவைக் கேட்டேன்.

"அவரே கீழ வைக்கலியேம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எழுத்தில்லாத துணிக்கு இரண்டு பெரிய ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பாய் அதை மேலே வைத்தது, அப்பா அதைக் கொண்டுவந்த விதத்துக்காக என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.