பரீதாவுக்கு நான் போட்ட மூன்றாவது பந்து

சாரலில் நனைந்த கார்க் பந்து கையில் சோப்புக் கட்டியாக வழுக்கும். குற்றாலத்தில் அருவி கொட்டத் தொடங்கிவிட்டால் இலஞ்சியிலும் வெயில் நிலைக்காது; பந்தைத் துப்பட்டா நுனியில் அழுத்தித் துடைத்துத் துடைத்து, மாலையில் வீடு சேரும்போது நீலத் துணியில் சிவப்புத் திட்டொன்று படிந்திருக்கும். அம்மா அதைத் தூக்கிப் பார்த்து, பொம்பளப் புள்ளைக்கு இது என்ன 'வெளாட்டு' என்று முனகிக்கொண்டே ஊறப்போடுவாள்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்வரை எங்கள் பள்ளியில் மாணவிகளுக்கு 'ரிங் பாலும்' கோகோவும்தான். சிவகிரியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த கஸ்தூரி டீச்சர், தற்காலிக விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்த சில வாரங்களிலேயே, தலைமையாசிரியையிடம் மன்றாடி, கிரிக்கெட் ஆடத் தரையில் விரிக்க ஒரு நார்ப்பாயும் இரண்டு மட்டைகளும் வாங்கிவிட்டார். பந்தின்மேல் விரல்களை எப்படிப் பதிப்பது, தோளை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொருத்தியாக நிறுத்திக் காட்டினார். விரித்த பாயில் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்து, பந்து அதற்குள்தான் விழ வேண்டும், அதற்கு முன்னாலேயே குத்தினால் முகத்துக்கு எழும்பும் என்றார்.

"தலையில ஒண்ணும் போடாம நிக்குற புள்ளைக்கு யாரும் அப்படிப் போடக் கூடாது" என்றார். அவர் குரலை உயர்த்திச் சொன்ன ஒரே பாடம் அது.

வகுப்பிலேயே வேகமாகப் போடுகிறவள் நான். படிப்பு சுமார்தான், பாட்டும் வராது. ஆனால் நான் ஓடிவரும்போது மட்டையோடு நிற்கிறவள் ஓரடி பின்வாங்குவாள், அந்த ஓரடிக்காகவே நான் பள்ளிக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். என் பக்கத்து இருக்கைத் தோழி பரீதா, பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். டீச்சர் அவளோடு மல்லுக்கட்டி, பந்தைக் கடைசிவரை பார்க்கப் பழக்கியிருந்தார். இலத்தூரில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு அணி தேர்ந்தெடுத்த அன்று, அவள் என் பந்தை இரண்டு முறை, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், என் தலைக்கு மேலேயே அடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். "முத்து கதை முடிஞ்சுதுட்டி" என்று என்னைக் காட்டி யாரோ ஒருத்தி சொன்னாள்.

மூன்றாவது பந்துக்காகத் திரும்பி நடந்தபோது எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கட்டம் தெரிந்தது, அதற்கு முன்னால் எங்கே குத்த வேண்டும் என்பதும் தெரிந்தது. கை வழுக்கவில்லை. பந்து நான் நினைத்த இடத்தில் குத்தி, நினைத்ததைவிட வேகமாக எழும்பி, பரீதாவின் இடது புருவத்தில் பட்டது. அவள் மட்டையைப் பதனமாகக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பொத்திய விரல்களின் இடுக்கில் ரத்தம் இறங்கியது. டீச்சர் அவளை ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுபோனார். நாலு தையல். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று தகவல் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று வீட்டில் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை பரீதாவின் உம்மா பள்ளிக்கு வந்திருந்தார். வாப்பா ஷார்ஜாவில் இருந்ததால் எதற்கும் உம்மாதான் வர வேண்டும். நடந்ததைச் சொல்ல என்னையும் தலைமையாசிரியை அறைக்கு அழைத்திருந்தார்கள். பாய்க்கு அடியில் கல் கிடந்திருக்கிறது, பந்து அதில் பட்டு எழும்பிவிட்டது, தான்தான் பார்த்திருக்க வேண்டும் என்று கஸ்தூரி டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உண்மையிலேயே பாயைப் புரட்டித் தேடி எடுத்த கல், புளியங்கொட்டை அளவில், மேசைமேல் இருந்தது. இனி இந்த விளையாட்டே வேண்டாம், டீச்சர் வேலையில் தொடர்வதையும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை சொல்ல, டீச்சர் அதற்கும் தலையாட்டினார். நான் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"கல்லு இல்ல டீச்சர்" என்றேன். "நா வேணும்னுதான் அங்கன குத்துனேன்."

டீச்சர் என்னைத் திட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உம்மா மட்டும் ஏன் என்று கேட்டார். அவள் என் பந்தை அடித்துவிட்டாள் என்று சொன்னபோது, அது எவ்வளவு அற்பமான காரணம் என்று எனக்கே உறைத்தது. உம்மா தலைமையாசிரியையிடம் திரும்பினார்.

"வகுப்ப நிப்பாட்டாதீங்க. எம்மவ தூக்கத்துலயும் கண்ணப் பொத்துதா. இப்ப நிப்பாட்டுனா அந்தப் பயம் அவகிட்டயே தங்கிரும். காயம் ஆறுனதும் கூட்டிட்டு வாரேன். இவதான் போடணும், நா நின்னு பாப்பேன்."

பரீதா சில நாளில் வகுப்புக்குத் திரும்பினாள்; என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இலத்தூர் ஆட்டம் நாங்கள் இருவரும் இல்லாமலே நடந்து முடிந்தது. நான் பந்தைத் தொடக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். எந்த நாள் அந்த நாளாக இருக்குமோ என்று தினமும் கடைசி மணி அடிக்கும்போது, வாசலில் உம்மா நிற்கிறாரா என்று எட்டிப் பார்ப்பேன்.

ஒரு மாதம் கழித்து, ஊருக்கு வந்த யாரிடமோ வாப்பா கொடுத்தனுப்பிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பரீதா மட்டையோடு நின்றாள். அது அவளுக்குப் பெரிது. கம்பிகளுக்குப் பின்னால் அவள் கண்கள் சரியாகத் தெரியவில்லை. உம்மா குடை பிடித்தபடி எல்லைக்கோட்டில் நின்றார். என் முதல் பந்து கைநழுவிப் பாய்க்கு வெளியே போனது. இரண்டாவதை ஓடிவராமல், கைக்குழந்தைக்குப் போடுவதுபோல் மெல்லத் தூக்கிப் போட்டேன். பரீதா அதைத் தொடாமல் விட்டாள்.

"ஏட்டி, ஓடி வந்து போடு" என்றாள்.

ஓடினேன். பந்து கட்டத்துக்குள் விழுந்தது. அவள் முன்காலை எடுத்து வைத்து மட்டையை நேராக இறக்கினாள். பந்து அவள் காலடியிலேயே அடங்கியது. குனிந்து எடுத்து என்னிடம் எறிந்தாள். அடுத்ததைப் போட்டேன், அதற்கடுத்ததையும். உம்மா எப்போது கிளம்பிப் போனார் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

அந்தக் கல்வியாண்டோடு கஸ்தூரி டீச்சரின் வேலை முடிந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் மாணவிகளுக்குக் கிரிக்கெட் சொல்லித் தரவில்லை. மைதானத்தில் இப்போது வகுப்பறைகள் எழும்பிவிட்டன. பரீதா கணவரோடு வெளிநாட்டில் இருக்கிறாள், பெருநாளுக்குத் தவறாமல் பேசுவாள். நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் மேற்பார்வை பார்க்கிறேன். நாலு பேர் முன்னால் யாராவது என்னை மட்டம்தட்டினால் ஆத்திரம் இன்றைக்கும் அதே வேகத்தில்தான் வருகிறது. அது மட்டும் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அது கைக்கு இறங்குவதற்கு ஒரு கணம் முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.