அமலியைத் தீவில் விட்டு வந்தவர்கள்

லண்டனுக்குத் திரும்பி வந்த முதல் கிழமை, இம்மாகுலேற் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் பஸ் ஏறி, உள்ளே இருந்த எல்லோரையும் பார்த்து "குட் மோர்னிங்" என்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த பெண் கைப்பையை மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். இம்மாகுலேற்றுக்கு முகம் சுட்டது. மேல்தட்டுக்கு ஏறிப்போய் ஆளில்லாத இருக்கையில் உட்கார்ந்தாள். இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டாள்.

அது 1991ஆம் ஆண்டின் கடைசி. அதற்கு முன் ஐந்து வருடம் அவள் பெர்முடாவில் இருந்தாள். அங்கே பஸ் ஏறுகிற ஆள் வணக்கம் சொல்லாமல் உட்கார்ந்தால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

பெர்முடா என்றதும் ஸ்ட்ரெதத்திலும் மனோர் பார்க்கிலும் இருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "அஞ்சு வருசம் கடற்கரையிலை படுத்துக் கிடந்திட்டு வந்திருக்கிறியள்" என்றாள் மரியமலர். இவள் இம்மாகுலேற்றின் கணவர் ஞானரட்ணத்தின் அண்ணன் மனைவி. நல்ல மனசுக்காரி, மனசில் பட்டதை அப்படியே கொட்டிவிடுகிறவள். இம்மாகுலேற்றும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கடற்கரைக்கு அவள் போன நாட்கள் கொஞ்சம்தான். அவள் இருந்தது ஒரு ஒழுங்கையில், ஒடுங்கிய குறுக்குத் தெருவில். இருபக்கமும் செம்பருத்தியும் அலரியும் வேலியாக நின்றன. வீடுகளுக்கு இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், நீலம் என்று நிறம் பூசியிருந்தார்கள். கூரைகள் மட்டும் எல்லாம் வெள்ளை. அந்தத் தீவில் ஆறு இல்லை, குளம் இல்லை. கூரையில் விழுகிற மழையைத்தான் வீட்டுக்கு அடியில் கட்டிய தொட்டியில் பிடித்துக் குடிக்க வேண்டும். அதனால் மழை வந்தால் சனம் சந்தோசப்படும், கூரையில் ஒரு காகம் எச்சம் போட்டாலும் கவலைப்படும். கோடையில் வேர்த்துக் கொட்டும். மாரியில் பனி விழாது. ஆனால் ஈரம் எல்லாவற்றிலும் ஏறும். அலுமாரிக்குள் இருக்கும் தோல் சப்பாத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தடுக்க அலுமாரிக்குள் ஒரு மின்குமிழை எரியவிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு லூர்தெஸ்.

ஞானரட்ணம் எழுபதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்து, கணக்காளராகி, குடியுரிமையும் எடுத்தவர். 1984இல் இம்மாகுலேற்றைக் கலியாணம் செய்து ஊரிலிருந்து கூப்பிட்டார். இரண்டு வருடம் அண்ணன் வீட்டு மேலறையில் இருந்தார்கள். பிறகு பெர்முடாவில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போக அனுமதி அவருக்கு மட்டும்தான். அவள் வீட்டில் இருந்தாள்.

அந்த ஒழுங்கையில் அவளுக்கு முதலில் ஒருவரையும் தெரியாது. லூர்தெஸ் அசோர்ஸ் தீவுகளிலிருந்து கலியாணம் செய்து வந்த போர்த்துக்கேயப் பெண். அவளுடைய கணவர் அன்ரோனியோ பெர்முடாவிலேயே பிறந்தவர், தோட்டங்கள் பராமரிக்கிறவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லூர்தெஸின் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம், இம்மாகுலேற்றின் ஆங்கிலம் பயந்த ஆங்கிலம். இரண்டு பேருக்கும் செபமாலை தெரியும். அவள் தன் மொழியிலும் இவள் தமிழிலும் சொன்னால், ஒரே நேரத்தில் தொடங்கி ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்கலாம் என்று ஒரு மே மாதத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் வாழைப்பழமும் மீனும் மாறி மாறிப் போய்வந்தன.

1987 செப்டெம்பரில் ஒரு காலை, ஒருவரும் எதிர்பாராத வேகத்தில் புயல் வந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் பிய்ந்து போனது. அன்ரோனியோவும் லூர்தெஸும் இவர்களுடைய குளியலறைக்குள் ஓடிவந்து நின்றார்கள். நான்கு பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த மாதத்தில்தான் இம்மாகுலேற்றுக்கு இரண்டாவது தடவையாகக் கரு கலைந்தது. முதல் தடவை லண்டனில். அப்போது மரியமலர் எல்லோருக்கும் சொல்லி, எல்லோரும் வந்து பார்த்து, எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த முறை ஞானரட்ணம் ஒரு முடிவு எடுத்தார்.

"இனி ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. பிள்ளை கையிலை வந்தாப் பிறகு சொல்லுவம்."

"ஓம்" என்றாள் அவள்.

1989 மாசியில் பிள்ளை வந்தது. காலம் முந்திவிட்டது. பெண் பிள்ளை, ஞானரட்ணத்தின் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. மருத்துவமனையில் எல்லாம் செய்தார்கள்; ஒரு தாதி தன் விடுமுறையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். நுரையீரல் முற்றவில்லை. குருவானவர் வரப் பிந்தும் என்று லூர்தெஸ்தான் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். என்ன பெயர் என்று கேட்டாள். "அமலி" என்றாள் இம்மாகுலேற். லூர்தெஸின் வாயில் அது அமாலியா என்று வந்தது. இரண்டு கிழமை நிறையுமுன் பிள்ளை போய்விட்டது.

அந்தச் சின்னத் தீவில் அடக்கம் செய்ய நிலம் இலகுவில் கிடைக்காது. குடும்பக் கல்லறை இருக்கிறவர்கள் அதைத் திறந்து, ஒருவருக்கு மேல் ஒருவராக வைப்பார்கள். வாடகைக்கு வந்தவர்களுக்கு ஏது கல்லறை? ஞானரட்ணம் மருத்துவமனை வாசலில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் சேர்ட் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அன்ரோனியோ அவருடைய கையைப் பிடித்து, "என் அப்பாவின் கல்லறை இருக்கிறது. பிள்ளை அங்கே வரட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடக்கத்துக்கு அந்த ஒழுங்கைச் சனம் முழுக்க வந்தது. பெயர் தெரியாதவர்களும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

பிள்ளை பிறந்ததையே லண்டனுக்குச் சொல்லவில்லை. செத்ததை எப்படிச் சொல்வது?

"பிறகு சொல்லுவம்" என்றார் ஞானரட்ணம். அந்தப் பிறகு வரவேயில்லை. வீட்டுக்குள் அவர் அமலி என்ற பெயரை எடுப்பதையும் விட்டுவிட்டார். இம்மாகுலேற் மட்டும் ஞாயிறு பூசை முடிய லூர்தெஸோடு கல்லறைக்குப் போவாள். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முன் எல்லோரும் கல்லறைகளுக்கு வெள்ளை அடிப்பார்கள். அவளும் பழைய சீத்தைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தூரிகை பிடித்தாள்.

1991இல் ஞானரட்ணத்தின் வேலைக்கு தீவிலேயே பிறந்த பையன் ஒருவன் படித்து வந்துவிட்டான். அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அது அவர்களுடைய ஊர், அவர்களுடைய சட்டம். இம்மாகுலேற்றுக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் புறப்படுகிற காலை, காருக்குள் ஏறமாட்டேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளையை விட்டிட்டு நான் எப்பிடி வாறது?"

"இஞ்சாரும், எழும்பும். பிளேனுக்கு நேரமாச்சு" என்றார் அவர். லூர்தெஸ்தான் அவளைத் தூக்கி நிறுத்தினாள். "நான் இங்கேதானே இருக்கிறேன். நான் போய்ப் பார்ப்பேன்" என்றாள்.

ஸ்ட்ரெதத்தில் ஒரு சிறிய வீடு எடுத்தார்கள். அவர் கவுன்சில் கணக்குப் பகுதியில் சேர்ந்தார். அவள் வயோதிபர் இல்லம் ஒன்றில் ஷிப்ட் செய்தாள். சவர்க்காரமும் ஈரத்துணியுமாகக் கை எப்போதும் வெடித்திருக்கும். ஞாயிறுகளில் மரியமலர் வீட்டில் சாப்பாடு. அங்கேதான் அவளுக்குப் பெரிய சோதனை.

"இம்மாகுலேற், உனக்கும் வயசு போகுது. இஞ்சை எட்மண்டனிலை ஒரு டொக்டர் இருக்கிறா, எங்கட ஆக்கள் கனபேருக்குப் பிள்ளை கிடைச்சிருக்கு. ஒருக்காப் போய்க் காட்டன்."

"பாப்பம் அக்கா."

"பாப்பம் பாப்பம் எண்டே காலம் போகுது. பெத்துப் பாத்தாத்தான் தெரியும் பிள்ளையின்ர அருமை."

இம்மாகுலேற் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். வரும் வழியில் ஞானரட்ணத்திடம் கேட்டாள்: "சொல்லுவமே? இனியும் ஏலாது எனக்கு."

"இப்ப சொன்னா, இவ்வளவு காலமும் ஏன் மறைச்சனியள் எண்டு கேப்பினம்" என்றார் அவர். "விடும்."

ஒருமுறை தீவுக்குப் போய்வருவோம் என்றும் கேட்டுப் பார்த்தாள். "போய் என்ன செய்யிறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்து போய்ச் சொன்னார் என்பது அவளுக்கு அன்று விளங்கவில்லை.

1996 கார்த்திகையில் ஒரு பிற்பகல் தொலைபேசி அடித்தது. லூர்தெஸ். நத்தாருக்கு மட்டும் பேசுகிறவள்.

"அன்ரோனியோ போய்விட்டார்" என்றாள். "தோட்டத்திலேயே விழுந்துவிட்டார். நாளை மறுநாள் அடக்கம்."

இம்மாகுலேற் மாடிப்படியில் உட்கார்ந்தாள். லூர்தெஸ் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தொடர்ந்தாள். "கல்லறையைத் திறக்கிறார்கள். அமாலியாவின் பெட்டி இற்றுப்போயிருக்கும். அதில் இருப்பதை ஒரு சின்னப் பெட்டியில் சேர்ப்பார்கள். நீ தாய், உன்னிடம் கேட்காமல் செய்யமாட்டேன். அவளை அன்ரோனியோவின் கைப்பக்கமாக வைக்கலாமா?"

"வையுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அன்று மாலை ஞானரட்ணம் வேலையால் வந்ததும் கோட்டைக் கழற்றுமுன்பே சொன்னாள். அவர் நின்றபடி கேட்டார். தொலைபேசியை எடுத்து, விமானக் கொம்பனிக்கு அடித்தார். தீவுக்கு நாள்தோறும் விமானம் இல்லை. அடுத்தது அடக்கத்துக்கு மறுநாள்தான் போய்ச் சேரும். வேறு வழியால், அமெரிக்கா போய் மாறி, என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் பொருந்தவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடக்கம் நடக்கிற நேரம் லண்டனில் இருட்டிவிட்டிருந்தது. இம்மாகுலேற் ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிட்டு ஹை ரோட்டிலுள்ள கோயிலுக்குப் போனாள். பூசை இல்லாத நாள். முன்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திவிட்டு முழந்தாளில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ முழந்தாளில் இருப்பது தெரிந்தது. ஞானரட்ணம். வேலையை விட்டு ஓடி வந்திருந்தார். மழையில் நனைந்த கோட்டோடு இருந்தார்.

"இப்ப திறந்திருப்பினம் என்ன?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம்."

அவருடைய தோள்கள் குலுங்கின. "நான் அண்டைக்குப் பெட்டியைத் தூக்கேல்லை. அன்ரோனியோதான் தூக்கினவர். எனக்குக் கையெல்லாம் நடுங்கினது. என்ர பிள்ளையை நான் தூக்கேல்லை." முகத்தைக் கைகளுக்குள் புதைத்தார். "அமலி" என்றார். ஏழு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வருகிறது. இம்மாகுலேற் அவருடைய முதுகில் கை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு மரியமலர் வீட்டில், சாப்பாட்டுக்கு முன், அவரே சொன்னார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் முன்னால் நின்று, பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை போல, பெயர், பிறந்த மாதம், அடக்கிய இடம் எல்லாம் சொன்னார். மரியமலர் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு இம்மாகுலேற்றைப் பார்த்தாள்.

"நான் உன்னை என்னெல்லாம் சொன்னனான். நீ வாயே திறக்கேல்லையேயடி."

அதன் பிறகு மரியமலர் அவளிடம் டொக்டர் கதை பேசவில்லை. உண்மையில் பல மாதம் எதுவுமே பேச முடியாமல் தவித்தாள். இவள் குசினிக்குள் வந்தால் கண் கலங்கி வெளியே போவாள். அந்த மௌனமும் இம்மாகுலேற்றுக்குப் பாரமாகத்தான் இருந்தது.

அடுத்த வருட உயிர்த்த ஞாயிறுக்குத் தீவுக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். அதற்குள் ஞானரட்ணத்துக்கு இருதயத்தில் அடைப்பு என்று சொல்லி, டொக்டர் நெடும் பயணம் வேண்டாம் என்றார். லூர்தெஸ் தனியாக இருக்க முடியாமல் அசோர்ஸில் உள்ள தங்கையிடம் போய்விட்டாள். அந்த ஒழுங்கையில் அவர்களுக்குத் தெரிந்தவர் என்று இப்போது ஒருவரும் இல்லை. இம்மாகுலேற்றும் தனியே போக நினைக்கவில்லை.

இறந்தோர் திருநாளுக்குக் கோயிலில் பெயர்கள் வாசிப்பார்கள். 1997இல் மரியமலர் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். ஐரிஷ்கார சுவாமி "அமலி ஞானரட்ணம்" என்று தட்டுத் தடுமாறி வாசித்தார். சனம் "இவர்களுக்காக மன்றாடுகிறோம்" என்று ஒரே குரலில் சொன்னது. இம்மாகுலேற் தானும் சேர்ந்து சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. பக்கத்தில் ஞானரட்ணம் அவளுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார்.