சாம்பல் மேட்டில் நான் பிரேக் போடவில்லை

போன மாதம் ஒரு எரிமலைத் தீவில் வண்டி ஓட்டினேன். நான்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தது நான். பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்தது என் வீட்டுக்காரர்.

சிரிக்காதீர்கள்... வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நாகர்கோவிலில் ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவே துணைக்கு ஆள் தேடுகிறவள் நான்.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் பிரின்ஸியைப் பார்க்கப் போயிருந்தோம். குளிர் தாங்காமல் அங்குள்ளவர்கள் அட்லாண்டிக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான ஒரு தீவுக்கு ஓடுவார்களாம். எங்களையும் கூட்டிப் போனாள். தீவு முழுக்க எரிமலை கக்கிய கல்லும் சாம்பலும்தான். அதற்குள் 'பகி' என்ற வண்டியில் ஒரு டூர். கதவு கிடையாது, கூரைக்குப் பதில் இரும்புக் கம்பிகள், டயர் மட்டும் டிராக்டருக்குத் தம்பி மாதிரி. வண்டிக்கு இரண்டு பேர். முன்னால் கைடு போவார், நாம் பின்னாலேயே ஓட்டிப் போக வேண்டும். மகளும் மருமகனும் ஒரு வண்டி, நாங்கள் ஒரு வண்டி.

ஓட்டப்போவது யார் என்பதில் எங்கள் வீட்டில் என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. இன்டர்நேஷனல் பெர்மிட் எடுக்கப் போனபோது, ஒரே அலைச்சல்தானே, ரெண்டு பேருக்கும் எடுங்கள் என்று மகள் சொன்னதால் எனக்கும் ஒன்று எடுத்தோம். அவ்வளவுதான்.

கவுன்டரில் பெர்மிட்டோடு ஒரிஜினல் லைசென்ஸையும் கேட்டார்கள். இவர் ஜம்மென்று எடுத்து நீட்டினார்... லேமினேட் செய்த கலர் ஜெராக்ஸ்! ஒரிஜினல்? அது நாகர்கோவிலில், பீரோ லாக்கரில், வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. முக்கியமான எதையும் வெளியே கொண்டுபோனால் தொலைந்துவிடும் என்பது இவர் கொள்கை. நம்மில் பாதிப் பேருடைய கொள்கையும் அதுதானே?

என் லைசென்ஸுக்கு அந்த மரியாதை என்றைக்குமே கிடைத்ததில்லை. ஹேண்ட்பேக்கில் சேஃப்டி பின்னோடும் இருமல் மாத்திரையோடும் கிடந்தது. சிம் கார்டு வாங்க உதவும் ஒரு அடையாள அட்டை, அவ்வளவே. அதைப் பதினோரு வருடத்துக்கு முன் வாங்கினேன். நாலைந்து தடவை காரை எடுத்தேன். இவர் பக்கத்தில் இருந்து கிளட்ச், பிரேக், எதிரே மாடு என்று கமென்ட்ரி கொடுத்தார். ஒருநாள் கேட்டில் உரசியது. சாவியைக் கொடுத்துவிட்டேன். அத்தோடு சரி.

இப்போது கவுன்டர் பெண் என்னைப் பார்க்கிறாள். திரும்பிப் போய்விடலாம் என்றேன். பிரின்ஸி விடவில்லை.

"பேடியா இருந்தா சொல்லும்மா, நாங்களும் போகல்ல. ஆனா இப்பம் திரும்பிட்டன்னா, ஊர்ல போயும் இனி ஒருக்காலும் நீ வண்டி எடுக்கமாட்ட. எனக்குத் தெரியும்."

பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். ஆனால் சுட்டது அவள் கடைசியில் சொன்னதுதான். ஏனென்றால் எனக்கும் தெரியும். ஹெல்மெட்டை வாங்கி மாட்டினேன்.

கைடு எங்களை மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டவைத்துப் பார்த்தார். ஸ்டியரிங் இடது பக்கம். கியர் கிடையாது என்பது ஒன்றே ஆறுதல். பிறகு விதிகளைச் சொன்னார். முன்வண்டியின் தடத்தைவிட்டு விலகக் கூடாது. முக்கியமாக, சாம்பல் மேட்டில் ஏறும்போது பிரேக் போடக் கூடாது. நின்றால் டயர் புதைந்துவிடும். புறப்படுமுன் இவர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். ஊரில் ஒரு வரியில் முடிகிற பயண ஜெபம் அன்று நீண்டுகொண்டே போனது. கைடு பொறுமையாக நின்றார்.

புறப்பட்டோம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் அந்தக் கறுப்பு, தென்னைமரம் வந்ததும் முடிந்துவிடும். இதற்கு முடிவே இல்லை. நடுநடுவே செம்மண் நிறத்தில் வாய் பிளந்த குன்றுகள். சாம்பலில் குழி தோண்டி, காற்றுக்குத் தடுப்பாகக் கல் அடுக்கி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி வளர்க்கிறார்கள். ரசிக்க விட்டால்தானே? பக்கத்து சீட்டில், "பைய... பைய..." என்று கமென்ட்ரி ஆரம்பித்திருந்தது.

அப்புறம் வந்தது அந்த மேடு. மகள் வண்டி ஏறிவிட்டது. பாதி ஏற்றத்தில் எங்கள் பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.

"பிரேக்கச் சவுட்டுட்டி!"

பிரேக்கை மிதிக்கச் சொல்கிறார். கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. இவர் சொன்னால் கேட்கிற அத்தனை வருடப் பழக்கம்! ஒரு நொடிதான்... கைடு சொன்னது ஒன்று, இவர் சொல்வது இன்னொன்று. யார் பேச்சைக் கேட்பது?

காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரில் வைத்து அழுத்தினேன்.

வண்டி உறுமியது, சாம்பலை வாரி இறைத்தது, ஆடியது... ஏறிவிட்டது! உச்சியில் கைடு கட்டை விரலை உயர்த்தினார். கீழே பெரிய பள்ளமாக எரிமலையின் வாய், அதற்கும் அப்பால் கடல். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்போது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை என எழுதினால் அது பொய். பெருமையாக இருந்தது. தலைகால் புரியாத பெருமை.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு சக்கரத் தடத்தை எட்டிப் பார்த்தார்.

"கொள்ளாம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் நன்றாயிருக்கிறது என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். இவர் வாயிலிருந்து மீன்குழம்புக்கே அபூர்வமாக வரும் வார்த்தை அது. திரும்பி வரும் வழி முழுக்கக் கமென்ட்ரி இல்லை.

நம் வீட்டுப் பெண்கள் ஓட்டாமல் இருப்பது ஓட்டத் தெரியாததால் அல்ல. பக்கத்து சீட்டிலிருந்து வரும் சத்தம் ஓய்ந்தால், பலபேர் சாம்பல் மேட்டையே தாண்டிவிடுவார்கள்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் தினமும் விடியற்காலையில் காரை எடுத்துப் பழகினேன். சும்மா சொல்லக் கூடாது, கேட்டை இவர்தான் திறந்துவிட்டார். போன சனிக்கிழமை, சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குப் போய் வந்தேன். இவர் வீட்டில்.

போகும் வழியில் ஆறு தடவை போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் பேசலாமா?