அம்மா ஒரே தடவை நடித்த காட்சி

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடக்கூடாது. சட்டம் அவ்வளவு கறாரானதா என்று தெரியாது. எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் அப்படித்தான் நம்புகிறார். சட்டினி அரைத்தால் மேலே வந்து மணியடிப்பார். போன கோடையில் என்னோடு தங்க வந்த அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். கரண்ட் போனால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். "சத்தமே இல்லாத ஊருல எப்படிச் சாமி தூங்கறீங்க? காத என்னமோ அடைச்சாப்பல கெடக்குது" என்பாள். எனக்கோ அந்த அமைதிதான் பயமாக இருந்தது. தறிச்சத்தத்தில் மறைந்துபோகிற விஷயங்கள் இங்கே மறையாது. இரண்டே அறைகள் கொண்ட வீடு அது. அதில் என்னோடு லேனாவும் இருந்தாள்.

அம்மாவைப் பொறுத்தவரை லேனா என்னோடு வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் தோழி. உண்மையில் நாங்கள் இரண்டு பெண்களும் பல வருடமாக ஜோடியாகச் சேர்ந்து வாழ்கிறோம். நான் துணிச் சாயங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். லேனா அரைநாள் நூலகத்தில் வேலை செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் படம் எடுக்கிறாள். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவு சின்னப் படங்கள். கேமரா இரவல், வெளிச்சம் ஜன்னலில் இருந்து, நடிக்க வருகிறவர்களுக்குச் சம்பளம் ஒரு தட்டு சூப். பெண்ணை விரும்பும் பெண்பிள்ளைகளையும் பையனை விரும்பும் பையன்களையும் பற்றிய படங்கள். கதையில் எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும். நான் அவளுக்கு மைக் பிடிப்பேன்.

இப்படிப்பட்ட படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் படம் பார்த்த அன்று அழுதேன். இப்போது அலுத்துவிட்டது. பெரும்பாலானவற்றில் கடைசியில் அந்தப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடும். முகத்தில் காற்றடிக்கும், படம் முடிந்துவிடும். அந்த ரயிலில் ஏறி வந்தவள்தான் நான். இறங்கியபிறகு வாடகை, வரி, விசா அலுவலகத்து வரிசை, இருட்டிக் கிடக்கும் குளிர்காலம், வாரா வாரம் வீட்டுக்குப் போன் போட்டு எதையும் சொல்லாமலே பேசி முடிக்கிற களைப்பு. அதை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளையும் யாரும் எடுத்ததில்லை. நாமக்கல் பக்கம் பிளஸ் டூ படித்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் எழுப்பிவிட்டுப் படிக்க உட்காரவைப்பார்கள், மறுபடி படுக்கும்வரை பரீட்சைதான். நான் படித்த விடுதியில் எங்கள் அறைப் பெண்கள் இருவர் ஒரே போர்வைக்குள் படுத்திருந்ததை வார்டன் பார்த்துவிட்டார். ஒருத்தியை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். இன்னொருத்தியை அவள் அப்பா வந்து கூட்டிப் போனார். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் தலைகுனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் படிப்பறை ஜன்னலில் நின்று பார்த்தபோதுதான், என்னைப் பற்றியும் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், நன்றாகப் படித்துத் தூரமாகப் போய்விட வேண்டும் என்று. எங்கள் பள்ளிக்கு என்னைவிட நல்ல மாணவி கிடைத்திருக்க மாட்டாள்.

அம்மா வந்திருந்த சமயம் லேனாவின் புதுப் படம் பாதியில் நின்றிருந்தது. இங்கே வளரும் ஒரு தமிழ்ப் பெண் வகுப்புத் தோழியைக் காதலிக்கிறாள். அவளாக நடித்தவள் அபி, இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். கல்லூரியில் படித்தாலும் பள்ளிப்பெண் போலவே இருப்பாள். அம்மா வேடத்துக்கு ஒப்புக்கொண்ட பெண்மணி, கதையை முழுக்கக் கேட்டதும் வர முடியாது என்றுவிட்டார். லேனா சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா கேட்டாள்.

"ஏஞ் சாமி, அந்தப் புள்ள இப்படி இடிஞ்சு போயி உக்காந்திருக்குது?"

"படத்துல அம்மாவா நடிக்க ஆள் வரலையாம்மா."

"அம்மாவா இருக்கறதுக்கு என்ன நடிக்கோணும்? நா சும்மாதான இருக்கறேன். நா வாரேன்னு சொல்லு."

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அம்மா என்னை நம்பாமல் லேனாவைப் பார்த்துத் தன் நெஞ்சில் கைவைத்து, "மதர், மதர்" என்று சொல்லிவிட்டாள். லேனா எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "காட்சி என்னவென்று நீதான் அவருக்குச் சொல்ல வேண்டும். உன்னால் முடியாவிட்டால் வேண்டாம்" என்றாள். முடியாது என்று சொல்லக்கூட அப்போது எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக விழுந்தது. அம்மா மாம்பழக் கலர் சேலை கட்டிச் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எதிரில் அபி. நான் அம்மாவைப் பார்க்காமல் மைக் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"இந்தப் பொண்ணு இன்னொரு பொண்ண விரும்புதும்மா. அது உனக்குத் தெரிஞ்சு போச்சு. நீ கத்தணும். அடிக்கணும்."

"விரும்புதுன்னா?"

"கல்யாணம் கட்டிக்கிற மாதிரி."

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இதுக்குத்தான் அந்தம்மா வரமாட்டேன்னுட்டாளாக்கும்" என்றாள். பிறகு, "அடிக்கறதெல்லாம் என்னால ஆவாது. வளந்த புள்ளைய எப்புடி அடிக்கறது? நா பேசறேன்" என்றாள்.

லேனா கையசைத்தாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை அம்மாவின் தலைக்கு மேலே நீட்டினேன். அபி தன் வசனத்தைச் சொன்னாள். "அம்மா, நான் சொல்லுறது உங்களுக்கு விளங்குதோ?"

"வெளங்குது சாமி" என்றாள் அம்மா. அவள் மூச்சு விடுவது என் காதுக்குள் கேட்டது. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேரும் சம்பாரிக்கறீங்க. செரி. காச்சல்னு படுத்தா ஆரு கஞ்சி வெச்சுக் குடுப்பா? அவ வெப்பாளா?"

அபி விழித்தாள். படத்தில் அவள் பள்ளிக்கூடப் பெண். சம்பாதிக்கிறவர்கள் நானும் லேனாவும். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, அபியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"வந்தன்னைக்கே எனக்குத் தெரியும். கட்டல் ஒன்னுதான கெடக்குது இந்த ஊட்டுல. உங்கப்பங்கிட்ட நாஞ் சொல்ல மாட்டேன். நீயுஞ் சொல்லாத. அவரு தாங்க மாட்டாரு. நா எப்புடித் தாங்கறேன்னு மட்டும் கேக்காத."

மைக் பிடித்திருப்பதையே மறந்துபோனேன், அது காட்சிக்குள் இறங்கிவிட்டது. லேனா நிறுத்தச் சொன்னாள். தமிழ் தெரியாததால் அவளுக்கு மைக் மட்டுமே தெரிந்தது. "அருமையாக இருந்தது, இன்னொரு முறை எடுக்கலாம்" என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"மறுக்காவா? மறுக்கா வராதுன்னு சொல்லு" என்று அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அபி தலையைக் குனிந்துகொண்டு ஷூ மாட்டினாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது.

சாயங்காலம் அம்மா நடக்கப் போயிருந்தபோது, துணைவரிகளுக்காக அந்தப் பேச்சை வரிவரியாக லேனாவுக்கு மொழிபெயர்த்தேன். கஞ்சிக்கு ஜெர்மனில் சொல் கிடைக்காமல் சூப் என்று எழுதினோம். கட்டில் வரி வந்ததும் லேனா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அழித்துவிடட்டுமா?" என்றாள். அம்மா திரும்பி வந்ததும் அவளிடமே கேட்டேன். "மூஞ்சி வேண்டாம். நம்மூரு ஆளுக எங்கெங்கயோ இருக்கறாங்க. கொரலு இருந்துட்டுப் போவட்டும்." அதனால் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டோம். மைக்கும் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போகும்வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏர்போர்ட்டில் லேனாவின் கன்னத்தைத் தட்டி, "கஞ்சி வெக்கப் பழகிக்கோ" என்று தமிழிலேயே சொன்னாள். லேனா அது ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து நன்றி சொன்னாள். எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. ஊருக்குப் போனபிறகு என் ஜாதகம் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்கிறாள். "அவ இன்னம் படிச்சு முடிக்கலீங்க." நான் இங்கே இத்தனை வருடம் சுமந்ததை இப்போது அவளும் அங்கே சுமக்கிறாள். அதில் எனக்குப் பாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

படத்தை ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் திரையிட்டோம். நாற்காலி பாதி காலி. அம்மாவின் வரிகளைச் சனங்கள் ஜெர்மனில் படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிபாளையத்துக் குரலாக அது என் ஒருத்திக்கு மட்டுமே கேட்டது. அந்தப் படத்துக்குச் சுவரொட்டியும் உண்டு. மேசைமேல் அபியின் கையைப் பிடித்திருக்கும், வளையல் போட்ட அம்மாவின் இரண்டு கைகள். எங்கள் சமையலறையிலேயே ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறோம்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது அதை மறைக்க மறந்துவிட்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"அது ஆரு கையி கண்ணு, செவுத்துல? வளவி நம்மூரு வளவியாட்ட இருக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆரோ நடிக்கற பொம்பளையா இருக்கும்" என்றாள். அப்புறம் போனைச் சரிசெய்வதுபோல் கையை நீட்டினாள். ஒரு கணம் திரை முழுக்க அந்தக் கைதான் தெரிந்தது.