பை முதலில், ஆள் பிறகு

போன வாரம் இந்தப் பக்கத்துக்காக வேறொரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் முடிந்தும் விட்டது.

நம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார் — 'ஊர் ஊராகச் சுற்றுகிறீர்களே சார், உலகத்தில் எந்த ஊர் மெட்ரோ பெஸ்ட்?' ஜாலியான கேள்வி. பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடி ரூமில் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனைக்கும் எங்கள் டவுனுக்கு ரயிலே கிடையாது. ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால்கூட அரியலூருக்கு பஸ் ஏற வேண்டும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு டோக்கியோவுக்கும் லண்டனுக்கும் மார்க் போடுகிற திமிர் இருக்கிறதே... நன்றாகத்தான் இருந்தது.

டோக்கியோவுக்குத்தான் முதல் இடம் கொடுத்திருந்தேன். பிளாட்பாரத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். ஜனங்கள் அந்தக் கோட்டில் நிற்கிறார்கள். ரயில் கதவு வந்து அதே கோட்டுக்கு நேராகத் திறக்கிறது. வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஒருவர், யாரும் பக்கத்தில் இல்லாதபோதும், சிக்னலை நோக்கி விரலை நீட்டி உரக்க ஏதோ சொல்லிக்கொள்கிறார். தப்பு நடந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு பழக்கமாம்.

அடுத்தது சிங்கப்பூர். அங்கே சுரங்க ஸ்டேஷனில் நின்றால் தண்டவாளமே கண்ணில் படாது. பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்ற பிறகுதான் சுவரில் கதவு திறக்கும். நம்ம சென்னை மெட்ரோவிலும் பூமிக்கடியில் அப்படித்தான் என்று பெருமையாக ஒரு வரி சேர்த்தேன். லண்டனில், ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சூண்டு சந்தைப் பார்த்து ஏறுங்கள் என்று ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இவ்வளவு சின்ன சந்துக்கு இவ்வளவு அலட்டலா என்று கிண்டல் செய்திருந்தேன்.

எழுதிக்கொண்டே நியூயார்க்குக்கு வந்திருந்தேன். அங்கே தண்டவாளத்தில் ஓடும் எலியை வைத்து ஒரு நல்ல ஜோக் யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

மாப்பிள்ளை முருகேசன். என் தங்கை கலையரசியின் கணவர். ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். எப்போதும் "மச்சான், சாப்டாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அது இல்லை.

"மச்சான்... கலை கூட்ஸ்ல அடிபட்டுட்டா. கால்ல ஏறிருச்சு. உசுரு இருக்கு. அரியலூர்ல பார்த்துட்டு பெரம்பலூருக்குத்தான் ஆம்புலன்ஸ்ல அனுப்புறாங்க. நீங்க கொஞ்சம் முன்னாடி போயி நில்லுங்க மச்சான்."

கலையரசி என் சித்தி மகள். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஊர்ப் பெயர் வேண்டாம். தினமும் காலையில் அங்கே ரயில் ஏறி திருச்சிக்குப் போய், ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் நிற்பாள். வேண்டுமென்றேதான் 'நிற்பாள்' என்று எழுதுகிறேன். நாள் முழுக்க நிற்கிற வேலை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது அவளுக்கு நினைவு இருந்தது. என் கையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"கால் இருக்குமாண்ணே? எனக்கு நிக்கிற வேலைண்ணே" என்றாள்.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எலும்பு டாக்டர் சாயங்காலம்தான் வெளியே வந்தார். நடு வயது, நல்ல மனிதர், பூசி மெழுகத் தெரியாதவர். "கணுக்கால் நசுங்கிருக்கு சார். ரத்தக் குழாயை ஒட்டுப் போட்டிருக்கோம். பாதத்துக்கு ரத்தம் போகுதான்னு ரெண்டு நாள் பார்ப்போம். போனா காலைக் காப்பாத்திரலாம். இல்லேன்னா முட்டிக்குக் கீழ எடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

வராந்தாவில் ஒரு பெண் மடியில் இரண்டு ஹேண்ட்பேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று கலையுடையது. பெயர் செல்வி. அதே கடை, அதே ரயில். என்னம்மா நடந்தது என்று கேட்டேன்.

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள அந்த ஸ்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். திருச்சி ரயில் வந்து நிற்பது அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில். நடுவில் முக்கால்வாசி நாள் ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருக்கும் — சிமெண்ட், நிலக்கரி, ஏதோ ஒன்று. மேம்பாலம் இருக்கிறது, பிளாட்பாரத்தின் கடைக்கோடியில். அதில் ஏறி இறங்கி வர யாருக்குப் பொறுமை? கூட்ஸுக்கு அடியில் குனிந்து புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

இதில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தோளில் பையோடு குனிந்தால் அடியில் எதிலாவது மாட்டிக்கொள்ளும். அதனால் பை முதலில், ஆள் பிறகு. முதலில் புகுந்து போகிறவர் அந்தப் பக்கம் நின்று எல்லாருடைய பையையும் வாங்கி வைப்பார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் கிடையாது. ஒரு டிபன் பாக்ஸ்கூடத் தொலைந்ததில்லையாம். டோக்கியோ வரிசையைப் புகழ்ந்தேனே, அதற்குக் கொஞ்சமும் குறையாத ஒழுங்கு இது.

"எப்பவும் போலத்தாண்ணே" என்றாள் செல்வி. "எங்க வண்டிக்கு மணி அடிச்சிட்டாங்க. நான் முதல்ல பூந்து வந்துட்டேன். அவ பையைத் தள்ளி வுட்டா, வாங்கிட்டேன். அப்பதாண்ணே கூட்ஸ்காரன் ஹாரன் அடிச்சான். 'வராதடி, பாலத்துல சுத்தி வந்துரு'ன்னு கத்துனேன். 'பை அங்க இருக்குடி'ன்னு சொல்லிக்கிட்டே குனிஞ்சுட்டா..."

"அதான் பை உன் கையில இருக்கேம்மா! நீ என்ன தூக்கிட்டு ஓடவா போற?" ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

செல்வி கோபப்படவில்லை. "அதத்தாண்ணே நானும் அப்பலேருந்து நெனைச்சுக்கிட்டே இருக்கேன். பை அந்தப் பக்கம் போயிட்டா ஆளும் தன்னால குனிஞ்சுருதுண்ணே. யோசிக்கவே தோணாது" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணிடம் கத்தியதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் கலைக்கு மாற்றுத் துணி எடுத்து வர நான் அவள் ஊருக்குப் போனேன். முருகேசன் கட்டிலை விட்டு நகரவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த அவள் கால் கட்டைவிரலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சூடு இருக்கு மச்சான். தொட்டுப் பாருங்களேன்" என்றார். தொட்டேன். எனக்குச் சூடு தெரியவில்லை. ஆமாம் மாப்ள என்றேன்.

காலையில் போனதால் அந்த ரயில் நேரத்துக்கே ஸ்டேஷனில் இருந்தேன். நடுவில் ஒரு கூட்ஸ். அது கலை மீது ஏறிய வண்டி இல்லை, வேறு. ஆனால் பைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏம்மா, நேத்துத்தானே இங்க ஒருத்திக்குக் கால் நசுங்கிப் போச்சு? கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று ஒரு பெண்ணை மறித்தேன்.

"தெரியும் சார். நம்ம கலையக்கா. இப்ப எப்படி சார் இருக்காங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். கேட்டுக்கொண்டே பையைத் தள்ளிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். நான் பதில் சொன்னபோது அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. இந்தப் பாலத்தில் ஏறிப் போனால் என்ன குடி முழுகிப் போகும்? பார்த்துவிடுவோம் என்று திருச்சிக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். மணி அடித்ததும் பாலத்தை நோக்கி நடந்தேன். வேகமாகத்தான் நடந்தேன். படி ஏறும்போது ரயில் வந்துவிட்டது. நான் மேலே நடுவில் நின்றபோது அது கிளம்பிவிட்டது. பெட்டிகளின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கையில் டிக்கெட்டோடு.

கீழே இறங்கி, அடுத்த வண்டி எப்போது என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டேன். "இனி மத்தியானத்துக்கு மேலதான் சார்" என்றார்.

மத்தியானத்துக்கு மேல்! அந்தக் கடையில் லேட்டாகப் போனால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று செல்வி சொல்லியிருந்தாள்.

சிங்கப்பூரில் ஒருநாள் என் முகத்துக்கு நேராக ரயில் கதவு மூடிக்கொண்டது. பெருமூச்சுகூட விடவில்லை. போனை எடுத்துப் பார்ப்பதற்குள் அடுத்த ரயில் வந்து நின்றது. லண்டனிலும் அப்படித்தான், பாரிஸிலும் அப்படித்தான். கட்டுரையில் கண்ணாடிக் கதவைப் பற்றி எழுதினேன், கையுறையைப் பற்றி எழுதினேன், எலியைப் பற்றிக்கூட எழுதப் பார்த்தேன். இதை எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஒன்றும் நம்மைவிட ஒழுக்கத்தில் உசந்தவர்கள் இல்லை. ஒரு ரயிலை விட்டால் அவர்களுக்கு எதுவும் ஆகாது, அவ்வளவுதான். இங்கே ஒரு ரயிலை விட்டால் அன்றைய பிழைப்பு போச்சு. அப்புறம் பாலம் எதற்கு, எச்சரிக்கை போர்டு எதற்கு? குனியத்தான் செய்வார்கள்.

துணியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். இதையெல்லாம் முருகேசனிடம் கொட்டினேன். யாரையாவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் கட்டைவிரலை விடாமலே சொன்னார்.

"நான் அடிக்கிற லோடுதான் மச்சான் சிமெண்டாகி அந்த வண்டில போவுது. எவனைத் திட்டுறது?"

அதற்கு அடுத்த நாள் காலையில் டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். விரல்கள் கறுத்திருந்தன. அவர் எங்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முருகேசன் அப்போதும் குனிந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மத்தியானம் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கலை உள்ளே இருந்தபோது கடையிலிருந்து முருகேசனுக்கு போன் வந்தது. சூப்பர்வைசர். ரொம்பத் தன்மையாகப் பேசினார். எல்லாருக்கும் வருத்தமாம். நன்றாக ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள் என்றார். ஆடி சீசன் வருவதால் புடவை செக்‌ஷனில் வேறு ஆள் போட வேண்டியதாகிவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். முருகேசன் "சரிங்க சார், சரிங்க சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகும் ஒருமுறை சரிங்க என்றார்.

நேற்று கலையைப் பார்க்கப் போயிருந்தேன். தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகம் சின்னதாகிவிட்டது. போர்வை இடது பக்கம் நீளமாகவும் வலது பக்கம் பாதியிலேயே படிந்தும் இருந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அங்கேயே பார்த்தேன். அண்ணன் திணறுவதைப் பார்த்து அவள்தான் பேச்சை மாற்றினாள்.

"ஊர் ஊரா ரயிலைப் பத்தி எழுதுறீங்களாமே? இவரு சொன்னாரு. எந்த ஊருண்ணே ஒசத்தி?"

"அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன், விடும்மா."

"அந்த ஊர்லயெல்லாம் கால் முடியாதவங்களுக்கு எடம் வுடுவாங்களாண்ணே?"

"எல்லா ஊர்லயும் தனி சீட்டே இருக்கும்மா. போர்டு போட்டு எழுதி வெச்சிருப்பாங்க. நம்ம ரயில்லயும் தனிப் பெட்டி உண்டே."

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகத்தில் ஒரு சிறு நிம்மதி தெரிந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து போறேன். ஒருநாளும் உக்கார எடம் கெடைச்சதில்லண்ணே. போவும்போதும் நின்னுக்கிட்டுதான், கடையிலயும் நின்னுக்கிட்டுதான், வரும்போதும் நின்னுக்கிட்டுதான். இனிமே வேலைக்குப் போவும்போதாவது உக்காந்துக்கிட்டுப் போலாம்ல?"

"போலாம்மா" என்றேன். முருகேசன் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த போனைப் பற்றி அவளிடம் யார் சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் இன்னும் முடிவு செய்யவில்லை.